“எல்லாம் ஸ்ட்ரெஸ்தாம்மா!” - பெண்களின் உடலில் கார்ட்டிசால் உண்மையில் என்ன செய்கிறது?

காலை 5.30-க்கு அலாரம். டிபன், மதியத்துக்கு டப்பா, குழந்தையின் ஸ்கூல் வேன், அப்புறம் ஓஎம்ஆர் டிராஃபிக். மாலை 6 மணிக்கு முடிய வேண்டிய வேலை, ‘ஒரே ஒரு கால் மட்டும்’ என்று இரவு 9 வரை இழுக்கிறது. வீட்டுக்கு வந்தால் பாத்திரம் காத்திருக்கிறது. படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. நடுவில் ஒரு நாள் காலண்டரைப் பார்த்தால், இரண்டு மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. பிரெக்னன்சி கிட் ஒரு கோடுதான் காட்டுகிறது. டாக்டரிடம் போனால் இரண்டே நிமிடத்தில் பதில் கிடைக்கிறது: “ஸ்ட்ரெஸ்தாம்மா. டென்ஷன் ஆகாதீங்க, சரியாகிடும்.”

வேலைக்குப் போகும் பெண்களில் பலருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வீட்டுக்குத் திரும்பி போனைத் திறந்தால், இன்ஸ்டாகிராமில் வேறொரு பதில் காத்திருக்கும். ‘உங்க முகம் உப்பியிருக்கா? அது கார்ட்டிசால் ஃபேஸ்!’ என்று ஒரு ரீல்ஸ். கீழேயே ஒரு பவுடர் விளம்பரம்.

டாக்டர் சொன்னது பொய் இல்லை. மன அழுத்தம் மாதவிடாயை நிறுத்தக்கூடியதுதான். ஆனால், அது பாதி பதில். ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல் நம் ஊரில் மூன்று வேலை செய்கிறது. சில நேரம் உண்மையான காரணமாக இருக்கிறது. சில நேரம், பரிசோதனை செய்யாமல் அனுப்பிவிட ஒரு சாக்காகிறது. இன்னும் சில நேரம், பழியைப் பெண் மீதே போடும் கருவியாகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க, முதலில் அந்த ஹார்மோனைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கார்ட்டிசால் வில்லனா?

இல்லை. கார்ட்டிசால் இல்லாமல் நம்மால் உயிர் வாழவே முடியாது. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள்தான் இதைச் சுரக்கின்றன. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது, அழற்சியை அடக்குவது எல்லாம் இதன் வேலை. காலையில் நாம் கண் விழித்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இதன் அளவு உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கி, நள்ளிரவு வாக்கில் மிகக் குறைவாக இருக்கும். நம்மை எழுப்பி ஓட வைக்கிற ஹார்மோன் என்றே சொல்லலாம்.

ஆபத்து வரும்போது என்ன நடக்கிறது? எதிரே லாரி வந்தால் சில விநாடிகளில் அட்ரீனலின் பாய்கிறது. இதயம் படபடக்கிறது, கை வியர்க்கிறது. அடுத்த சில நிமிடங்களில் இரண்டாவது அணி களமிறங்குகிறது. மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்ப, பிட்யூட்டரி அட்ரீனலுக்கு அனுப்ப, கார்ட்டிசால் ரத்தத்தில் ஏறுகிறது. ஆபத்து போனதும் அதே கார்ட்டிசால் மூளைக்குத் திரும்பிப் போய் ‘போதும், நிறுத்து’ என்று பிரேக் போடுகிறது. அருமையான ஏற்பாடு.

சிக்கல், லாரி போகவே போகாதபோதுதான். டெட்லைன், இஎம்ஐ, மாமியாரின் மருத்துவச் செலவு, மேனேஜரின் இரவு மெசேஜ் இவையெல்லாம் கடந்துபோகும் லாரிகள் இல்லை. அவை தெருமுனையிலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கின்றன. மாதக்கணக்கில் இப்படிப் போனால், காலையில் ஏறி இரவில் இறங்கும் அந்தத் தாளமே மழுங்கிப்போகலாம். இரவில் தூக்கம் வராது; காலையில் எழவே முடியாது. அதனால்தான் ‘கார்ட்டிசால் எவ்வளவு இருக்கு?’ என்று ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பது ஸ்ட்ரெஸை அளக்கும் வழி ஆகாது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதில் உள்ள ஈஸ்ட்ரோஜனாலேயே ரத்தப் பரிசோதனையில் கார்ட்டிசால் அதிகமாகத் தெரியலாம்.

ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி எலிகளை வைத்துச் செய்த ஆய்வை 1936-ல் வெளியிட்டதில் இருந்துதான் நவீன ‘ஸ்ட்ரெஸ்’ ஆராய்ச்சி சூடுபிடித்தது. ஆனால், அதற்குப் பிறகும் நீண்ட காலம் பெண்கள் அந்த ஆராய்ச்சியில் ஓரமாகவே இருந்தார்கள். ஷெல்லி டெய்லரும் அவருடைய குழுவினரும் 2000-ல் எழுதிய கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார்கள். 1995-க்கு முன் நடந்த ஸ்ட்ரெஸ் பரிசோதனைகளில் பங்கேற்றவர்களில் பெண்கள் சுமார் 17 சதவீதம்தான். ‘ஸ்ட்ரெஸ் வந்தால் உடம்பு இப்படித்தான் செய்யும்’ என்று பாடப் புத்தகம் சொன்னதில் பெரும்பகுதி ஆண்களின் உடம்பைப் பார்த்து எழுதப்பட்டது.

பீரியட்ஸ் ஏன் தள்ளிப்போகிறது?

மாதவிடாய் கருப்பையில் தொடங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அதன் சுவிட்ச் இருப்பது மூளையில். ஹைப்போதலாமஸ் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில், துடிப்பு துடிப்பாக ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. அந்தத் துடிப்பை வைத்துத்தான் பிட்யூட்டரி சினைப்பைக்கு உத்தரவு போடுகிறது. சினைப்பை முட்டையை வளர்க்கிறது, வெளியிடுகிறது. முட்டை வெளியானால்தான் மாதவிடாய் ஒழுங்காக வரும்.

கவனித்தீர்களா? கார்ட்டிசாலுக்கு உத்தரவு போகும் இடமும், மாதவிடாய்க்கு உத்தரவு போகும் இடமும் ஒன்றே. அபாய மணி விடாமல் அடித்தால், ஹைப்போதலாமஸ் இரண்டாவது வேலையைத் தள்ளிவைக்கிறது. துடிப்பு மந்தமாகிறது, முட்டை வெளியாவதில்லை, பீரியட்ஸ் வருவதில்லை. உடம்பின் கணக்கு எளிது: ‘வீடு தீப்பிடித்து எரியும்போது தொட்டில் கட்ட முடியாது.’

இதன் தீவிர வடிவத்துக்கு மருத்துவத்தில் ‘ஃபங்ஷனல் ஹைப்போதலாமிக் அமெனோரியா’ என்று பெயர். மன அழுத்தம், போதாத சாப்பாடு, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி ஆகிய மூன்றில் ஒன்றோ, மூன்றும் சேர்ந்தோ இதைக் கொண்டுவரலாம். கல்யாணத்துக்கு முன் மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று ஒருவேளை சாப்பாட்டோடு ஜிம்முக்கு ஓடுபவர்களுக்கும் இது வரும். பழைய உதாரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஹாங்காங்கின் ஸ்டான்லி முகாமில் அடைக்கப்பட்டிருந்த பெண்களில் பலருக்கு மாதவிடாய் நின்றுபோனது. 1946-ல் அது மருத்துவ இதழிலேயே பதிவானது.

தேர்வு மாதத்திலோ, வீடு மாறிய மாதத்திலோ பீரியட்ஸ் ஒருமுறை பத்து நாள் தள்ளிப்போனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், மூன்று மாதம் வராமல் இருந்தாலோ, 45 நாளுக்கு மேல் இடைவெளி என்பது வாடிக்கையானாலோ கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல். ஏனென்றால், மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜனும் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் எலும்புக்குக் காவல். 25 வயதில் ‘பீரியட்ஸ் தொல்லை விட்டது’ என்று விட்டுவிட்டால், அந்தக் கடனை எலும்பு பின்னால் வட்டியோடு கேட்கும்.

‘ஸ்ட்ரெஸ்’ என்று மூடிவிடக் கூடாத நோய்கள்

பீரியட்ஸ் தள்ளிப்போனாலே ஸ்ட்ரெஸ் என்று முடிவு கட்டுவதில் இருக்கும் ஆபத்து இங்கேதான். இதே அறிகுறியோடு வேறு பல பிரச்சினைகளும் வரும்.

முதலாவது, பிசிஓஎஸ். இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகவும், பாதிக்கப்பட்டவர்களில் 70 சதவீதம் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஸ்ட்ரெஸ் பிசிஓஎஸ்ஸின் மூல காரணம் அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததும், ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடுவதும் இதில் முக்கியம். கார்ட்டிசாலுக்கு ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குணம் இருப்பதால், தூக்கமின்மையும் நீண்ட கால அழுத்தமும் அதை மோசமாக்கலாம். ‘டென்ஷனைக் குறைங்க’ என்பது மட்டும் அதற்குச் சிகிச்சை ஆகாது.

இரண்டாவது, தைராய்டு. களைப்பு, எடை கூடுவது, முடி கொட்டுவது, மனசு சரியில்லாமல் இருப்பது என எல்லாமே ஸ்ட்ரெஸ் போலவே தெரியும். ஒரு டிஎஸ்ஹெச் பரிசோதனை போதும், தெரிந்துவிடும்.

மூன்றாவது, ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ‘மாடி ஏறினாலே மூச்சு வாங்குது, ஒரே அசதி’ என்று சொல்லும் பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். தியான ஆப் அதற்கு அப்புறம்தான்.

முடி விஷயத்தில் ஒரு சின்ன தகவல். கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பெரிய மன அதிர்ச்சி இவற்றுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது உண்டு. ஆனால், அது உடனே நடக்காது. இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதனால் இந்த மாதம் மாற்றிய ஷாம்பூவைத் திட்டுவதற்கு முன், மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

மனசு உடைந்தால் இதயம் உடையுமா?

சினிமா வசனம் மாதிரி இருந்தாலும், இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: டகோட்சுபோ. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தார்கள். நெருங்கியவரின் மரணம் போன்ற பெரும் அதிர்ச்சியில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாயும்போது இதயத்தின் ஒரு பகுதி தற்காலிகமாகச் செயலிழந்து, பானை போல உப்பிவிடுகிறது. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானை அந்த வடிவத்தில் இருக்கும். பெயர் அங்கிருந்து வந்தது. பாதிக்கப்படுபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதில் இருப்பவர்கள்.

அறிகுறி மாரடைப்பைப் போலவே இருக்கும். எனவே இளம் வாசகர்கள் இதைத் தங்களைவிட அம்மாக்களுக்காக நினைவில் வைக்க வேண்டும். மாரடைப்பே வந்தாலும் பெண்களுக்கு நெஞ்சு வலியோடு மூச்சுத்திணறல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணம் தெரியாத அசதி எல்லாம் சேர்ந்து வரலாம். ‘கேஸ் பிரச்சினை’, ‘அழுதுட்டே இருந்தா, அதான்’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு இஞ்சிச் சாறு கொடுப்பது, விலை மதிக்க முடியாத நேரத்தை வீணாக்கும்.

“நீ டென்ஷன் ஆகுறதாலதான் குழந்தை தங்கலை”

ஸ்ட்ரெஸ் என்ற சொல் மிகக் கொடூரமாகப் பயன்படுவது இந்த வாக்கியத்தில்தான். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்கு மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் சொல்லும் அறிவுரை இது.

ஆதாரம் என்ன சொல்கிறது? 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 14 ஆய்வுகளில் இருந்து 3,583 பெண்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தது. ஐவிஎஃப் போன்ற சிகிச்சைக்கு முன் ஒரு பெண் எவ்வளவு பதற்றத்தோடு இருந்தார் என்பதற்கும், அந்தச் சுற்றில் அவர் கருத்தரித்தாரா என்பதற்கும் தொடர்பு இல்லை என்பதே அதன் முடிவு. பதற்றம் மாதவிடாயையே நிறுத்திவிட்டால் கருத்தரிப்பு பாதிக்கப்படும், அது வேறு கதை. ஆனால், சிகிச்சை தோற்றதற்கு ‘நீ அமைதியா இல்லை’ என்று பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அறிவியலில் இடம் இல்லை. அதைவிட, கணவரின் விந்தணுப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

கர்ப்ப காலத்திலும் இதே கதைதான். கர்ப்பிணிகளுக்குக் கார்ட்டிசால் இயல்பாகவே ஏறும். கடைசி மாதங்களில் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். அதில் பெரும்பகுதி குழந்தையைச் சேராதபடி செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி நஞ்சுக்கொடியில் இருக்கிறது. ஒருநாள் ஆபீஸில் கோபப்பட்டதால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து என்று குலைநடுங்கத் தேவையில்லை. ஆனால், மாதக்கணக்கில் தொடரும் மனச்சோர்வோ, வீட்டில் வன்முறையோ இருந்தால் அது கட்டாயம் மருத்துவ உதவி தேவைப்படும் விஷயம்.

ரீல்ஸ் சொல்லும் வைத்தியம்

இனி இன்ஸ்டாகிராம் பக்கம். ‘கார்ட்டிசால் ஃபேஸ்’ என்று காட்டப்படும் முகங்களில் பெரும்பாலானவை தூக்கமின்மை, உப்பு, எடை, கேமரா கோணம் ஆகியவற்றின் விளைவாகவே இருக்கும். முகத்தை நிலா போல வட்டமாக்கும் அளவுக்குக் கார்ட்டிசால் ஏறுவது ‘குஷிங் சிண்ட்ரோம்’ என்ற நிலை. உடம்பே கார்ட்டிசாலை அதிகம் சுரப்பதால் இது வருவது அரிது. அப்படி வந்தால் முகத்தோடு நிற்காது. வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள், லேசாக இடித்தாலே ரத்தம் கன்றிப்போவது, உட்கார்ந்து எழவே தொடையில் வலு இல்லாதது எல்லாம் சேரும். அதிகம் பார்க்கப்படும் காரணம் வேறு: மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரைகள். சிவப்பழகுக்கு என்று தடவும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களும் நீண்ட நாள் பயன்பாட்டில் ஆபத்தானவை. மாத்திரையாக எடுத்துக்கொண்டிருப்பவர்கள், பயந்துபோய் அதைத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

‘அட்ரீனல் ஃபெட்டீக்’, அதாவது ஸ்ட்ரெஸ்ஸால் அட்ரீனல் சுரப்பி களைத்துப்போவது என்று ஒரு நோய் இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று எண்டோகிரைன் சொசைட்டி தெளிவாகச் சொல்கிறது. ஆரஞ்சு ஜூஸில் இளநீரும் உப்பும் கலந்து ‘கார்ட்டிசால் காக்டெயில்’ குடித்தால் தாகம் தீரும், அவ்வளவுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். அஸ்வகந்தா சில சிறிய ஆய்வுகளில் கார்ட்டிசாலைக் குறைத்திருப்பது உண்மை. அதேநேரம் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட சில நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சுமை யாருடையது?

இந்த விஷயத்தில் எழுதப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ‘யோகா செய்யுங்கள், சீக்கிரம் தூங்குங்கள், உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள்’ என்றே முடியும். நல்ல அறிவுரைதான். ஆனால், நேரம் எங்கே இருக்கிறது?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு கணக்கு சொல்கிறது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், மறுபக்கம் ஒன்றரை மணி நேரம். ஹைப்போதலாமஸில் அடிக்கும் அந்த அபாய மணிக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. பத்து நிமிட மூச்சுப் பயிற்சியால் 201 நிமிட வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது.

சுமையைக் குறைக்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்தப் பெண்களிடம் ‘கால் வலியைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி எடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? 2022-ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் நோக்கம் குழந்தைகளின் பசியைப் போக்குவது. ஆனால், விடிந்தும் விடியாமலும் வேலைக்குக் கிளம்பும் அம்மாவின் தோளில் இருந்து ஒரு வேலையை அது இறக்கி வைக்கிறது என்பதும் சேர்ந்ததுதான்.

அலுவலகங்களும் இதே வழியில் யோசிக்கலாம். மகளிர் தினத்தில் ரோஜாப்பூவும் ‘வெல்னஸ் வெபினாரும்’ கொடுப்பதைவிட, இரவு 8 மணிக்கு மேல் மெசேஜ் அனுப்பாமல் இருப்பது பெரிய சிகிச்சை. பகல், இரவு என்று வாரத்துக்கு வாரம் ஷிஃப்டை மாற்றிப் போடுவது கார்ட்டிசாலின் தாளத்தையே குலைக்கிறது. இரவு ஷிஃப்ட் வேலையை ‘புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு உள்ளது’ என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே சேர்த்தது, 2019-ல் மறுபடியும் உறுதி செய்தது. ஷிஃப்ட் அட்டவணையும் சுகாதார விஷயமே. வீட்டில் இருக்கும் ஆண்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ‘ஹெல்ப் பண்ணட்டுமா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, மதிய டப்பாவையோ, ஸ்கூல் வேனையோ முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது...

முதல் வேலை, பீரியட்ஸ் தேதிகளை போனில் குறித்து வைப்பது. கடைசி ஆறு மாதத் தேதியோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். தூக்கம், எடை மாற்றம், சாப்பிடும் மாத்திரை, க்ரீம், பவுடர் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். “ஸ்ட்ரெஸ்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, புரோலாக்டின், ஹீமோகுளோபின், சுகர் பார்த்துடலாமா டாக்டர்?” என்று கேட்பதில் தவறே இல்லை. எது தேவை, எது தேவையில்லை என்று அவர் விளக்கட்டும். அந்த உரையாடல்தான் முக்கியம்.

நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

பரிசோதனை எல்லாம் முடிந்து, காரணம் உண்மையிலேயே ஸ்ட்ரெஸ்தான் என்று தெரிந்தால்? அது நல்ல செய்தியே. மாதவிடாயை நிறுத்திய மூளையால் அதை மீண்டும் தொடங்கவும் முடியும். போதுமான சாப்பாடு, தூக்கம், தேவைப்பட்டால் மனநல ஆலோசனை ஆகியவற்றோடு பலருக்கு அது திரும்ப வருகிறது.

ஆனால் ‘ஸ்ட்ரெஸ்தாம்மா’ என்ற வாக்கியம் அங்கே முடியக் கூடாது. ‘எதனால ஸ்ட்ரெஸ்? அதுல எதை, யார் குறைக்கப் போறாங்க?’ என்ற அடுத்த கேள்வியும் வர வேண்டும். அந்தக் கேள்விக்கான பதிலைச் சொல்ல வேண்டியவர், சிகிச்சைக்கு வந்த பெண் மட்டும் இல்லை. வெளியே பைக்கில் காத்திருக்கும் கணவரும், போனில் ‘எப்ப வருவீங்க?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் மேனேஜரும்தான்.